சந்தனம் பூசிய சுவிட்சுப் பெட்டி

இன்று காலை மகளின் பால் கோப்பையில் எறும்பு. எறும்பைக் கண்டால் நான் என்ன ஆவேன் என்று உனக்குத் தெரியும். மஞ்சள்தூள், சுண்ணாம்புக் கட்டி, வேப்பெண்ணெய் என்று வீட்டையே மருந்துக்கடை ஆக்கிவிட்டு, பிள்ளையின் காதுக்குள் ஏதாவது புகுந்துவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பேன். இன்று அதெல்லாம் செய்யவில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, வரிசை எங்கே போகிறது என்று பின்னாலேயே போனேன். மேசைக் கால், சுவர், சன்னல் விளிம்பு, அங்கிருந்து நேராகச் சுவிட்சுப் பெட்டி. அதற்குள் இருப்பது நாம் இருவரும் செய்த சுவிட்சு. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன்.

"எறும்பு உள்ள போவுதும்மா," என்றாள் மகள்.

"போவட்டும். அதுவே வெளிய தள்ளிரும்."

உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. நீ போய் இத்தனை நாள் கழித்து எழுதுகிறேன் என்றால் அதற்காகத்தான். நமது சுவிட்சைப் புதிய கண்டுபிடிப்பு என்று காப்புரிமை அலுவலகம் ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பது தெரியாமலே நீ போய்விட்டாய். உன் பெயரோடு இந்த உலகத்தில் நிற்கக்கூடியது அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியதால், அந்த மாதங்களில் நான் பட்ட பாடு எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். நீ எந்தக் கதைப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவள். இந்தத் தடவை விடமாட்டேன். வரிசையாகத்தான் சொல்வேன்.

கல்லூரியில் மின்னியல் வகுப்பில் இருந்த இரண்டே பெண்கள் நாம். படிப்பு முடிந்ததும் நீ சுங்கை பட்டாணியில் பிரேக்கர் சுவிட்சு சோதிக்கும் தொழிற்சாலைக்குப் போனாய். நான் கல்யாணமாகி, பாடாங் மேஹா பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு, அங்கே கணக்கெழுதும் கிராணியின் மனைவியாக வந்து சேர்ந்தேன். அங்கே ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு, பகலும் இரவும் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்திருந்த புதிது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வீட்டுக்கு வீடு ஐஸ்பெட்டி, தொலைக்காட்சி என்று வந்துகொண்டிருந்தது. எனக்கோ பயம். பழைய வயர், பலகைச் சுவர், சின்னப் பிள்ளைகள். எங்கே போனாலும் முதலில் சுவிட்சுப் பெட்டி எங்கே இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். "கல்யாண வீட்டுல கூட மாப்பிள்ளையப் பார்க்க மாட்டா, மெயின் சுவிட்சைத்தான் பார்ப்பா," என்று என்னைக் கேலி செய்தவள் நீ.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு மறுநாள் நீ வந்திருந்தாய். கோயில் சமையல்கட்டில் தேங்காய் துருவும் இயந்திரத்தைப் போட்டார்கள். உள்ளே எங்கோ வயர் உரசியிருக்க வேண்டும், புகை வந்தது. அந்த நொடியில் பிரேக்கர் தானாக விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. வண்டு மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. சுவரில் வயர் கருகி ஓடியது. வயர்மேன் முனியாண்டி அண்ணன் ஓடிப்போய் மெயினை இறக்கியதால் கூரை தப்பியது.

நீ பெட்டியைக் கழற்றினாய். பிரேக்கருக்குள் ஒரு மின்காந்தம் உண்டு. மின்சாரம் எல்லை மீறினால் அது ஓர் இரும்புத் துண்டைப் பட்டென்று இழுக்கும், அந்த இழுப்பு விசையைத் தட்டி மின்சாரத்தைத் துண்டிக்கும். இரும்பும் காந்தமும் முகத்தோடு முகம் சேர வேண்டிய அந்த இடத்தில், நசுங்கிய எறும்புகள் புளி மாதிரி அப்பிக் கிடந்தன. நீ துப்பட்டாவிலிருந்து ஊசியை உருவிச் சுரண்டினாய்.

"அண்ணே, இந்தப் பெட்டிக்கு என்னா செஞ்சீங்க?"

"என்னா செய்வாங்க? சந்தனம், குங்குமம், பூ. முன்னால பொரி, அவல், சீனி. வருசா வருசம் செய்யறதுதான்."

"சாமிக்கு வச்சதை எறும்பு சாப்ட்டுச்சு. எறும்பைக் காந்தம் சாப்ட்டுச்சு. அப்புறம் கரண்டு எப்படிண்ணே நிக்கும்?"

"அதுக்குன்னு பெட்டிக்குப் பூசை போடாம விட முடியுமா லா? நீங்க ரெண்டு பேரும் படிச்ச பிள்ளைங்க. சாமிய ஒன்னும் சொல்லாம எறும்புக்கு ஒரு வழி பண்ணுங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நீ பேருந்து ஏறும்வரை அதையே பேசிக்கொண்டு போனாய்.

அடுத்து வந்த வாரங்களில் நீ தொழிற்சாலையில் எல்லாவற்றையும் அடைத்துப் பார்த்தாய். ரப்பர் வளையம் வைத்தாய், பசை பூசினாய், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைக்கூட மூடினாய். வெயிலில் ரப்பர் வெடித்தது, எறும்பு எப்படியோ நுழைந்தது. நுழைந்தது வெளியே வர வழியில்லாமல் அங்கேயே செத்தது. நீ சோர்ந்துபோய் வந்த சனிக்கிழமை, நான் தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். முறுக்கு உரலின் ஓட்டை போட்ட அடித்தட்டு கழன்று எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. நான் திட்டிக்கொண்டே, குழலுக்குள் மிச்சமிருந்த மாவைத் தட்டில் தள்ளினேன். மொத்தமும் ஒரே தள்ளலில் பொத்தென்று விழுந்தது. குழல் துடைத்த மாதிரி இருந்தது.

"இரு இரு. இன்னொரு தடவ மாவு போட்டு அமுக்கு," என்றாய்.

"முறுக்குக்கு மாவு பத்தாதுடி."

"முறுக்கு கெடக்கு. அமுக்கு."

இரண்டாம் தடவை அமுக்கியதும் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "அடி இல்ல பாரு. அடி இல்லன்னா எதுவும் தங்காது. எறும்பை வராதன்னு சொல்ல வேணாம்டி. வந்தா வெளிய தள்ளுவோம்."

அன்றைக்கு முறுக்கு கருகிவிட்டது. அதற்கு இன்றுவரை என் மாமியார் உன் பெயரைத்தான் சொல்கிறார்.

எவ்வளவு எளிமை அது. எல்லாரும் காந்தத்தின் அடியை மூடி, மேலே மூடி, எல்லாப் பக்கமும் மூடிக்கொண்டிருந்தபோது, நாம் இரண்டு முனையும் திறந்த குழாய் வைத்தோம். இரும்புத் தண்டு அதற்குள் முழுவதும் ஊடுருவிப் போகும். அது நிற்க வேண்டிய இடத்தைக் குழாய்க்கு வெளியே வைத்தோம். உள்ளே எது புகுந்தாலும் தண்டு அடுத்த முறை பாயும்போது அந்தப் பக்கம் போய் விழும். செம்புக் கம்பியை என் தையல் இயந்திரத்தில் வைத்துத்தான் சுற்றினோம். நான் மிதிப்பேன், நீ கம்பியைப் பிடிப்பாய். கம்பி அறும்போதெல்லாம் நீ சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அடுத்த ஆயுத பூசைக்கு அதைக் கோயிலில் வைத்தோம். வீட்டிலேயே இரும்புப் பெட்டிக்குள் பொருத்தி, மூடியைத் திருகி முடித்துத்தான் கொண்டுபோனோம். முனியாண்டி அண்ணன் வெளியே வயரை மட்டும் இணைத்தார். "புது ஆளுல்ல, கூடுதலாப் பூசணும்," என்று மூடி முழுக்கச் சந்தனத்தை அப்பி, திருகாணிகளின் மேலேயே குங்குமப் பொட்டுகளை வைத்தார். நீ பக்கத்தில் நின்று, "அண்ணே, சீனி கொஞ்சம் தாராளமா வைங்க," என்றாய். எறும்புகள் விருந்துக்கு வந்த மாதிரி வந்தன. மறுநாள், அதே கெட்டுப்போன துருவும் இயந்திரத்தை வேண்டுமென்றே இணைத்தோம். டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உறுமல் இல்லை, புகை இல்லை. கோயில் தலைவர் கைதட்ட, கூட்டமும் கைதட்டியது. என்ன நடந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குப் புரியவில்லை.

பெட்டியைக் கழற்றும்போது அண்ணன் சந்தனத்தைத் துடைக்கப் போனார். நீ தடுத்தாய். "வேணாண்ணே. பூசை போட்டது. பொட்டுல நான் கை வச்சாத் தப்பாயிடும், இங்க வச்சித் தொடைக்கவும் வேணாம். அப்படியே குடுங்க." பூவும் பொட்டுமாக அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் துப்பட்டாவோடு நீ உன் ஊரான திகாம் பத்துவுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்த காட்சியை நான் எப்படி மறப்பேன்.

அதன் பிறகு காப்புரிமைக்கு விண்ணப்பம். நீ எழுதினாய், நான் படம் வரைந்தேன். வயிற்றில் மகள். குனிந்து கோடு போட முடியாமல், பலகையை வயிற்றின்மேல் சாய்த்துக்கொண்டு வரைந்தேன். நாமே வெளியில் இயக்கிக் காட்டியிருந்தால் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது சட்டம். "அடுத்த பூசை வர்றதுக்குள்ள போட்டுட்டாப் போதும்," என்று இருவரும் ஒரே வாயாகச் சொல்லிக்கொண்டோம். பூசைக்கு ஒரு வாரம் முன்னால் போட்டும் விட்டோம். உன் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் அன்று நமக்கு மீ கோரேங் நூடுல்ஸ் இலவசம்.

மகள் நடக்கப் பழகிய பிறகுதான் பரிசோதகரின் அறிக்கை வந்தது. நீ மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது, அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டே வந்த மாதிரி இருந்தது உன் முகம். முதல் ஆட்சேபணை, இரண்டு பழைய கண்டுபிடிப்புகளில் இதே போலக் குழாயும் தண்டும் இருக்கின்றனவே என்பது. நீ அந்த இரண்டையும் தரையில் விரித்தாய். ஒன்றில் அடி மூடியிருந்தது. இன்னொன்றில் அடியும் மூடி, மேலே ரப்பரும் இருந்தது. "ரெண்டு பேரும் அடைக்கத்தான் சொல்றாங்க. தொறக்கச் சொன்னது நாமதான்," என்றாய். தத்தித் தத்தி வந்த மகளைத் தூக்கிச் சுற்றினாய். பதிலை மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுதிவிட்டோம்.

இரண்டாவதுதான் கழுத்தைப் பிடித்தது. கோயிலில் மக்கள் முன்னால் இது இயங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது எந்த நாள், விண்ணப்பத்துக்கு ஒரு வருடத்துக்கு முந்தைய நாளென்றால் இது ஏற்கெனவே ஊரறிந்தது, புதியது அல்ல என்றது அறிக்கை. நாம் சிரித்தோம். அதெல்லாம் பார்த்துத்தானே போட்டோம். என் வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து பழைய நாட்காட்டிகளைக் கொண்டுவந்தார். இரண்டு தேதிகளையும் விரல் வைத்து எண்ணினேன். நாம் காட்டிய வருடம் பூசை சீக்கிரம் வந்திருந்தது. விண்ணப்பித்த வருடம் தள்ளி வந்திருந்தது. பூசைக்குப் பூசை ஒரு வருடம் என்று நம்பியிருந்தோம். நடுவில் ஒரு வருடமும் கூடச் சில நாளும் ஓடியிருந்தன.

"உங்க சாமி வருசா வருசம் ஒரே நாள்ல வரமாட்டாராடி?"

"உங்க பெருநாள் மட்டும் ஒரே நாள்லயா வருது?"

"எங்க பெருநாள் முன்னாடி முன்னாடி வரும். அத நம்பியிருந்தா பொழச்சிருப்போம்."

சொல்லிவிட்டு நீயே முதலில் சிரித்தாய். பினாங்கில் நமக்காக இதைப் பார்த்துக்கொண்ட முகவர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வது நல்லது என்றார். நான் அழுதேன். நீ மோட்டாரைக் கிளப்பும்போது சொன்னாய்: "நாம எதையும் ஒளிக்கல. நாளையும் ஒளிக்க வேணாம். அன்னிக்கு வந்தவங்க என்னாத்தப் பார்த்தாங்க? அத யோசி. நானும் யோசிக்கிறேன்."

அதற்குப் பிறகு வந்த டெங்கிக் காய்ச்சல் ஒரு வாரம்கூட உன்னை விட்டுவைக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். எழுதினால் மற்றதை எழுத முடியாது.

பதில் அனுப்பக் கெடு நெருங்கியது. பிள்ளைக்குச் சளி. காப்புரிமை அலுவலகத்துக்குத் தனியாகப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. நீ கேட்ட கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? துணி துவைக்கும்போது, சோறு ஊட்டும்போது, அதே கேள்வி. பெட்டியைப் பார்த்தார்கள். சந்தனத்தைப் பார்த்தார்கள். டக் என்பதைக் கேட்டார்கள். குழாயை யாரும் பார்க்கவில்லை. அடி திறந்திருக்கிறது என்பதை எவரும் அறியவில்லை. உள்ளே இருப்பதை ஒருவர்கூடப் பார்க்க வாய்ப்பில்லாதபோது, அது எப்படி ஊரறிந்தது ஆகும்? சோற்றுக் கையோடு எழுந்து கோயிலுக்கே ஓடினேன். பிள்ளை இடுப்பில்.

"பூசை போட்ட பெட்டிய எவன் தொறப்பான் தங்கச்சி?" என்றார் முனியாண்டி அண்ணன். "வச்ச பொட்டு அப்படியேதான் போச்சு. அந்தப் பாய் வீட்டுப் பொண்ணு தொட மாட்டேன்னு நின்னுச்சே, நாங்க எத்தனை தடவ சொல்லிச் சிரிச்சிருக்கோம்."

ஆனால் தோட்டத்தை விட்டுப் போன பிறகு? பேருந்தில்? உன் வீட்டில்? அதைச் சொல்ல நீ இல்லை. உன் அத்தாவிடம்தான் போக வேண்டும். உன் பெயரைச் சொன்னாலே கல்லாவிலிருந்து எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறவரிடம் இதை எப்படிக் கேட்பது என்று திகாம் பத்து போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கடையில் கூட்டம். அவர் எனக்குத் தேநீரை ஆற்றிக் கொடுத்தார். நான் கேட்டேன். இந்தத் தடவை அவர் எழுந்து போகவில்லை.

"சந்தனப் பெட்டியா? 'என்னாம்மா, கோயிலையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா'ன்னு கேட்டேன். 'அத்தா, இத பெரியவங்க நீங்க தொடைச்சிக் குடுங்க, மேச தொடைக்கிற துணி வேணாம்'னா. கடையில புதுத் துணி கிழிச்சேன். நான்தாம்மா தொடைச்சேன், அந்தப் பொட்டெல்லாம். திருகாணிக்குள்ள போயிருந்துச்சு, ஈர்க்குச்சி வச்சி எடுத்தேன். அதுக்கப்புறந்தான் அவ திருப்புளி எடுத்தா."

"இத சத்தியம் பண்ணி எழுதிக் குடுப்பீங்களா அத்தா?"

"எம்மவளுக்கு நான் இன்னும் என்னாத்தக் குடுக்கப் போறேன்? வா, இப்பவே போவோம்." துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கல்லாவின்மேல் போட்டார். சாப்பிட்டவர்களிடம் காசு வாங்கக்கூட நிற்கவில்லை.

பொட்டு வைத்தவர் ஒரு சத்தியப் பத்திரம், பொட்டைத் துடைத்தவர் ஒரு சத்தியப் பத்திரம். இரண்டுக்கும் நடுவில் பெட்டி திறக்கப்படவில்லை. நாளையும் மறைக்காமல் எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நாளில் பரிசோதகர் தோட்ட அலுவலகத்துக்கே தொலைபேசியில் அழைத்தார். என் வீட்டுக்காரர் ஆளனுப்ப, நான் பிள்ளையோடு ஓடினேன். மலாய்க்கார அம்மா, அமைதியான குரல். பொட்டு என்பது அரக்கு முத்திரை போலவா என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை புவான்," என்று மரியாதையாகவே சொன்னேன். "விரல் பட்டாலே அழிந்துவிடும். அதனால்தான், யாராவது தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்." அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, உங்கள் தோழி ஏன் அங்கேயே துடைக்கவில்லை என்று கேட்டார். "மரியாதைக்காக," என்றேன். "பாஹாம்," என்றார் அவர். புரிகிறது. அந்த ஒரு சொல்லை வீடு வரை சொல்லிக்கொண்டே நடந்தேன்.

கிடைத்துவிட்டது. இதோ, இப்போது கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொள். காப்புரிமை கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. சான்றிதழ் வந்த அன்று, குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு லயம் முழுக்கக் காட்டிக்கொண்டு போனேன். முனியாண்டி அண்ணன் அதற்கும் பொட்டு வைக்கப் பார்த்தார்.

பிரதி ஒன்றை அத்தாவிடம் கொண்டுபோனேன். உன் பெயரை எழுத்துக் கூட்டி, கடை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

"இது எத்தன நாளைக்கு நம்மளது?"

"சில வருசந்தான் அத்தா. அப்புறம் யார் வேணும்னாலும் செய்யலாம்."

"எப்படிச் செய்யறதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் எழுதிக் குடுத்திருக்கோம்ல. நம்மளப் பார்க்காதவங்க, நம்மகிட்டக் கேட்காதவங்க, படிச்சிட்டுத் தானா செய்யிற மாதிரி முழுசா எழுதணும். அதுக்குத்தான் இதக் குடுக்கிறாங்க."

அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மவளையும் அப்படி எழுத முடியுமாம்மா?" என்றார்.

அன்றிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். உன்னிடமிருந்து என்னிடம் தங்கியது அப்படி முழுதாகச் சொல்லும் வேலை. மகளுக்கு உன்னைச் சொல்லும்போது 'நல்லவள், கெட்டிக்காரி' என்று சொல்வதை விட்டுவிட்டேன். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது. அளவோடு சொல்கிறேன். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்து, அதையே வீடு முழுக்கத் தேடுவாய் என்று சொல்கிறேன். தேடும்போது யாரையாவது திட்டுவாய் என்று சொல்கிறேன். தேநீரை மூன்று மடக்கில் குடித்துவிட்டு, சூடு போதவில்லை என்பாய் என்று சொல்கிறேன்.

உன் முகம் அவளுக்கு நினைவில்லை. உன் கையில் இருந்தபோது அவள் அவ்வளவு சின்னவள்.

இன்று மத்தியானம் இதை எழுத உட்கார்ந்தபோது என் கண்ணாடியைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன். அது அவள் தலைமேல் இருந்தது. இரண்டு கையும் இடுப்பில். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு, உன் குரலில், கொஞ்சமும் பிசகாமல் கேட்டாள்:

"எங்க என் கண்ணாடி? எவ எடுத்தா?"